அரண்மனை மைதானத்து ராக் கச்சேரிகள் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் டிரம்மர் சார்லி வாட்ஸ் பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பை வாசித்தேன். எனக்கு வயது 24. பிங்க் ஃபிளாய்டு, டீப் பர்ப்பிள், லெட் செப்பலின் போன்ற ராக் குழுக்களை எல்லாம் யூடியூபில் கேட்டு வளர்ந்தவன். என் சித்தப்பா 2003-ல் பெங்களூர் போய் ரோலிங் ஸ்டோன்ஸைப் பார்த்தவர். எங்கள் வீட்டில் அது பெரிய சேதி. ஆனால் அவரிடம் கேட்டால், "செம மழைடா, தொப்பலா நனைஞ்சோம்" என்பார். அதற்கு மேல் ஒன்றும் வராது. அந்தக் காலத்து மேடைப் பதிவுகளை நான் ஹெட்ஃபோனில் துல்லியமாகக் கேட்கிறேன். எங்கோ தூரத்தில் நின்று நனைந்துகொண்டே கேட்டவருக்கு அப்படி என்ன கிடைத்திருக்கும்? உண்மையிலேயே ஏதாவது இருக்கிறதா, இல்லை இளமைக்கால நினைவு என்பதால் இனிக்கிறதா? இனி இவர்களை நேரில் பார்க்க வழியில்லாத என்னைப் போன்றவர்கள் எந்த மேடைப் பதிவுகளில் தொடங்கலாம் என்பதையும் சொல்லுங்கள்.

கி.,
திண்டுக்கல்

அன்புள்ள கி.,

இருக்கிறது. உங்கள் சித்தப்பா நனைந்த அதே மழையில் நானும் நனைந்தேன். 2003 ஏப்ரல் 4, பெங்களூர் அரண்மனை மைதானம். ரோலிங் ஸ்டோன்ஸ் இந்தியாவில் நடத்திய முதல் கச்சேரி. சார்ஸ் நோய் பரவிக்கொண்டிருந்த நேரம். அந்தச் சுற்றில் சீனாவில் நடக்கவிருந்தவை ரத்தாகிவிட்டன. இங்கும் வருவார்களா மாட்டார்களா என்று கடைசிவரை வயிற்றைக் கலக்கியது. ஆனால் உங்கள் கேள்விக்குப் பதில் அதற்கு ஒரு வருடம் முன்பே, அதே மைதானத்தில் எனக்குக் கிடைத்துவிட்டது. 2002 ஏப்ரலில் அங்கே பிங்க் ஃபிளாய்டின் பழைய பாடகரும் பாஸ் கிட்டார்காரருமான ரோஜர் வாட்டர்ஸ் வந்தார்.

அதற்கு முன்னால் நாங்கள் எப்படிக் கேட்டோம் என்பதைச் சொல்ல வேண்டும். எண்பதுகளின் கடைசியில் சென்னையில் ராக் கேட்பது தனியாள் வேலை. காலி கேசட் வாங்கிக் கொடுத்தால் எல்.பி. தட்டிலிருந்து பதிவுசெய்து தரும் கடைகள் இருந்தன. 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 45 நிமிடம். பிங்க் ஃபிளாய்டின் 'டார்க் சைட் ஆஃப் த மூன்' தொகுப்பு 43 நிமிடம், 'விஷ் யூ வேர் ஹியர்' 44 நிமிடம். இரண்டும் ஒரே கேசட்டில் கச்சிதமாக அடங்கும். எனக்கு இன்றும் அவை இரண்டும் ஒரே படைப்பின் இரண்டு பக்கங்கள்தான். ஒன்று முடிந்ததும் கை தானாகக் கேசட்டைத் திருப்பப் போகும். வீட்டில் மற்றவர்களுக்கு அது இரைச்சல், அதனால் எல்லோரும் தூங்கிய பிறகு சத்தத்தைக் குறைத்து, டேப்ரெக்கார்டரை தலையணைக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்பேன். பேசிப் பகிர்ந்துகொள்ள ஆள் கிடையாது. கல்லூரி விடுதியில் ஒரே ஒரு நண்பன் கிடைத்தான். அவ்வளவுதான் எங்கள் உலகம்.

அந்த நண்பனும் நானும்தான் பிருந்தாவன் எக்ஸ்பிரஸில் பெங்களூர் போனோம். காட்பாடி தாண்டிக் கழிப்பறைப் பக்கம் எழுந்து போனபோது பார்த்தேன், எங்கள் பெட்டியிலேயே இன்னொருவன் 'டார்க் சைட்' அட்டையில் இருக்கும் முப்பட்டகம் அச்சடித்த கறுப்பு டீ-ஷர்ட்டில் உட்கார்ந்திருந்தான். அடுத்த பெட்டியிலும் ஒருவன். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோமே தவிர, பேசத் தெரியவில்லை.

சாயங்காலம் மைதானத்தில் கூட்டம். 'விஷ் யூ வேர் ஹியர்' தொகுப்பில் வரும் 'ஷைன் ஆன்' பாட்டு தொடங்கியது. உங்களுக்குத் தெரியும், அதில் நீண்டு கிடக்கும் கீபோர்டு நாதத்துக்குப் பின்னால் கிட்டார் வரும், அப்புறம் திடீரென்று தனியாக நான்கு சுரங்கள். அந்த நான்கு சுரம் விழுந்ததும் மைதானம் முழுக்க ஒரு ஓசை எழுந்தது. பாட்டில் ஒரு வார்த்தைகூட இன்னும் வரவில்லை. என் பக்கத்தில் சட்டையை பேண்டுக்குள் விட்டு, அலுவலகத்திலிருந்து நேராக வந்தவர்போல ஒருவர் நின்றிருந்தார். வயது நாற்பதுக்கு மேல் இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு கிட்டார் வாசிப்பை வாயாலேயே பாடிக்கொண்டிருந்தார். ஒரு சுரம் தவறவில்லை. வளைத்து இழுக்கும் இடத்தில் இழுத்தார், நிறுத்தும் இடத்தில் நிறுத்தினார். அப்போதுதான் கவனித்தேன், நானும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறேன்.

கி., ஒரு கிட்டார் தனிவாசிப்பு அந்த அளவுக்கு மனப்பாடம் ஆக வேண்டும் என்றால் எத்தனை ராத்திரி கேட்டிருக்க வேண்டும். அந்த மனிதரும் எங்கோ ஓர் அறையில், என்னைப்போலவே, யாருக்கும் தொந்தரவு இல்லாமல் கேட்டவர். சுற்றி நின்ற ஆயிரக்கணக்கான பேரும் அப்படித்தான். என் சொந்தக் கிறுக்கு என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஒன்று அத்தனை பேருக்கும் சொந்தமாக இருந்தது. ஹெட்ஃபோன் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும் அந்த விஷயத்தை உங்களிடம் சொல்லாது.

'ஷைன் ஆன்' சிட் பாரெட்டை நினைத்து எழுதிய பாட்டு. பிங்க் ஃபிளாய்டைத் தொடங்கியவர்களில் ஒருவர், மனநிலை குலைந்து 1968-ல் விலகியவர். 1975 ஜூனில் அந்தப் பாட்டின் வேலை நடந்துகொண்டிருந்தபோது லண்டன் ஏபி ரோடு ஸ்டுடியோவுக்குள் தலையும் புருவமும் மழித்து, உடல் பருத்து வந்து நின்றார். கூடவே வாசித்தவர்களுக்கே முதலில் ஆள் அடையாளம் தெரியவில்லை. நாங்கள் பெங்களூரில் அந்தப் பாட்டைக் கேட்ட நாளில் அவர் கேம்பிரிட்ஜில் உயிரோடு இருந்தார். 2006-ல்தான் இறந்தார். இதையெல்லாம் தெரிந்துவைத்துக்கொண்டு அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள் பலர்.

குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். வாட்டர்ஸ் 1985-லேயே பிங்க் ஃபிளாய்டிலிருந்து விலகிவிட்டார். அந்தக் குழுவின் கிட்டார்காரர் டேவிட் கில்மர் இல்லாத கிட்டார் அது. பழைய சுற்றுப்பயணங்களில் அவர்களோடு வாசித்த ஸ்னோயி ஒயிட் இருந்தார், அருமையாக வாசித்தார். இருந்தாலும் 'கம்ஃபர்டப்ளி நம்' பாட்டின் கடைசி வாசிப்பில் என் காது கில்மரைத்தான் தேடியது.

சரி, உங்கள் சித்தப்பாவின் கச்சேரிக்கு வருகிறேன். மேடையில் எல்லோரும் பாடகர் மிக் ஜாகரைப் பார்த்தார்கள். 59 வயதில் அந்த ஓட்டம் ஓடினால் பார்க்காமல் எப்படி. நான் பெரிய திரையில் சார்லி வாட்ஸின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலது கை ஹை-ஹாட் என்னும் ஜோடித் தட்டில் சீராகப் போய்க்கொண்டிருக்கும். இடது கை ஸ்நேர் என்னும் சின்ன டிரம்மில் விழும் அந்த ஒரு கணத்தில், வலது கை ஹை-ஹாட்டைத் தொடாமல் மேலே எழும்பி நிற்கும். பெரும்பாலான டிரம்மர்கள் இரண்டையும் சேர்த்தே அடிப்பார்கள். இவர் அந்த ஓர் இடத்தைக் காலியாக விடுவார். ஸ்நேர் தனியாக, சுத்தமாகக் கேட்கும். ஸ்டோன்ஸின் தாளத்தில் ஒரு சின்ன மூச்சு இருப்பதை அதுவரை உணர்ந்திருந்தேன், எங்கிருந்து வருகிறது என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். இதை யூடியூபில் இன்னும் பக்கத்தில் பார்க்கலாம், நீங்கள் பாக்கியசாலி. 2021 ஆகஸ்டில் அவர் இறந்த செய்தி வந்த அன்று எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வந்தது. அந்தக் குறிப்பையும் அதனால்தான் எழுதினேன்.

சித்தப்பாவிடம் கச்சேரி எப்படி இருந்தது என்று கேட்காதீர்கள். யாரோடு போனீர்கள், பக்கத்தில் யார் நின்றார்கள், எந்தப் பாட்டைக் கேசட்டில் தேய்த்திருந்தீர்கள் என்று கேளுங்கள். பேசுவார்.

இளமைதான் இனிக்க வைக்கிறதா என்ற கேள்வியை நான் ஒதுக்கவில்லை. ஆனால் அதே வயதில், அதே மைதானத்தில், அரைகுறையாகக் கேட்டிருந்த சில குழுக்களையும் போய்ப் பார்த்திருக்கிறேன். அவற்றில் ஒன்றும் மனதில் தங்கவில்லை. வயது மட்டும்தான் காரணம் என்றால் அவையும் இனித்திருக்க வேண்டும். நிறையக் கேட்டு, மனப்பாடமாகி, அப்புறம் போனதுதான் நின்றது. அப்படிக் கேட்கும் வேலையை உங்கள் வயதில் நீங்கள் தாராளமாகச் செய்யலாம், செய்துகொண்டும் இருக்கிறீர்கள்.

மேடைப் பதிவுகள் என்றால் முதலில் இரண்டு. டீப் பர்ப்பிளின் 'மேட் இன் ஜப்பான்'. 1972 ஆகஸ்டில் ஒசாகாவிலும் டோக்கியோவிலும் மூன்று நாட்கள் பதிவானது. அதில் 'ஸ்ட்ரேஞ்ச் கைண்ட் ஆஃப் உமன்' பாட்டின் நடுவில் இயன் கில்லனின் குரலும் ரிச்சி பிளாக்மோரின் கிட்டாரும் மாறி மாறிப் பேசிக்கொள்வதைக் கேளுங்கள். நம் கச்சேரியில் பாடகரும் வயலின்காரரும் ஸ்வரம் போட்டுக்கொள்வது போலவே இருக்கும். கிட்டார் போகிற உயரத்துக்கெல்லாம் குரல் துரத்திக்கொண்டு போகும்.

இன்னொன்று த ஹூ குழுவின் 'லைவ் அட் லீட்ஸ்'. 1970 பிப்ரவரி 14 அன்று லீட்ஸ் பல்கலைக்கழகத்து மாணவர்கள் சாப்பிடும் கூடத்தில் வாசித்தது. முரட்டுத்தனமான வாசிப்பு. பதிவில் அங்கங்கே சடசடவென்று சத்தம் வரும். அந்தச் சடசடப்பு சரிதான், திருத்த வேண்டாம் என்று தட்டின் லேபிளிலேயே எழுதி வெளியிட்டார்கள். துல்லியத்துக்குப் பழகிய காதோடு முதலில் இதைக் கேளுங்கள், முடிந்தால் ஹெட்ஃபோன் இல்லாமல், ஸ்பீக்கரில், கூட ஒரு நண்பரை உட்காரவைத்துக்கொண்டு. கேட்டுவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்