பழைய அலுவலகத்து பிடிஎஃப், புதிய கம்பெனியின் நிரல்

கேள்வி: நானும் நண்பரும் சென்னையில் எல்எல்பி (கூட்டாளிகளின் பொறுப்பு வரையறுக்கப்பட்ட நிறுவனம்) ஒன்று நடத்துகிறோம். உல்லாசப் படகுகளின் இன்ஜின் விவரங்களை, படகுக் கருவிகள் தமக்குள் தகவல் பரிமாறும் என்எம்இஏ 2000 நெட்வொர்க்கிலிருந்து எடுத்து, வைஃபை வழியாக டேப்லெட்டில் காட்டும் கருவி செய்கிறோம். வெளிநாட்டுக்கு 40 விற்றாகிவிட்டது. நிரல் கிட்ஹப் தளத்தில் ஓப்பன் சோர்ஸாக, யாரும் எடுத்துப் பயன்படுத்தும்படி இருக்கிறது. அந்த நெட்வொர்க்கின் தரநிலை ஆவணத்துக்கு, அதை வெளியிடும் அமெரிக்கச் சங்கம் ஆயிரக்கணக்கான டாலர் கேட்கிறது. சான்றிதழுக்குத் தனிக் கட்டணம். எங்களைப் போன்ற சிறியவர்கள் எங்கே போவது? நண்பர் முன்பு வேலை பார்த்த நிறுவனத்தில் அந்த பிடிஎஃப் இருந்ததால் சமாளித்தோம். இப்போது அந்த நிறுவனம், 15 நாளில் நிரலை நீக்கச் சொல்லி வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. ஜெர்மனி விநியோகஸ்தரின் ஒப்பந்தமும் கையெழுத்துக்குக் காத்திருக்கிறது. சங்கத்தின் மீது போட்டி ஆணையத்தில் புகார் கொடுக்கலாமா?

பதில்: உங்கள் கேள்வியில் பாதி விலையைப் பற்றியது. அதை ஓரமாக வையுங்கள். தனியார் சங்கம் தான் எழுதிய ஆவணத்தை விலைக்கு விற்பது குற்றமல்ல. நோட்டீஸ் அனுப்பியதும் சங்கமல்ல, பழைய முதலாளி. ஆணையத்துக்குப் போனாலும் அந்த 15 நாள் கெடு நிற்காது. வழக்கு முழுக்க ஒரே வரியில் இருக்கிறது: ‘பிடிஎஃப் இருந்ததால் சமாளித்தோம்’.

ஆவணத்தைத் தொடாமல் இதே கருவியைச் செய்திருந்தால் நிலைமை வேறு. நெட்வொர்க் செய்தியில் எந்த பைட்டில் எந்த அளவு போகிறது என்பது கருத்து. அதை விளக்கும் வாசகமும் அட்டவணையும்தான் பதிப்புரிமைக்குள் வரும். நம் உச்ச நீதிமன்றம் 1978-இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் இந்தக் கோட்டைப் போட்டது. மென்பொருளுக்கான பதிப்புரிமை அதன் தரவுக் கோப்பின் வடிவத்துக்கு நீளாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2012-இல் சொன்னது. முறையாக வாங்கிய கருவியை ஆராய்ந்து தெரிந்துகொள்வதை அமெரிக்க, ஐரோப்பிய வணிக ரகசியச் சட்டங்கள் தவறாகப் பார்ப்பதில்லை. ஆனால் ரகசியம் காக்கக் கையெழுத்துப் போட்டவருக்கு இந்த நிழல் கிடையாது. உங்கள் நண்பர் வேலையில் சேர்ந்த நாளில் என்ன கையெழுத்துப் போட்டார் என்று முதலில் பாருங்கள். ஒப்பந்தச் சட்டம் 27-ஆம் பிரிவு இருக்கிறது, கவலை வேண்டாம் என்று யாராவது தைரியம் சொல்வார்கள். வேலையை விட்ட பிறகு அதே தொழில் செய்யக் கூடாது என்ற நிபந்தனையைத்தான் அந்தப் பிரிவு செல்லாததாக்கும். ஆவணத்தை எடுத்து வந்ததை அது காப்பாற்றாது.

இனி, இப்படிப்பட்ட கட்சிக்காரர்கள் எங்கே விழுகிறார்கள் என்று பார்ப்போம். ‘நாங்களே சோதித்துக் கண்டுபிடித்தோம்’ என்று பதில் நோட்டீஸில் எழுதிவிடுவார்கள். உங்கள் நிரலே அதைப் பொய்யாக்கும். இன்ஜின் வேகம் தரும் பிஜிஎன் (செய்தி வகையின் எண்) 127488-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். டயலில் 800 ஆர்பிஎம் ஓடும்போது வேகத்துக்கான இரண்டு பைட்டில் 128, 12 என்று வரும். 12-ஐ 256-ஆல் பெருக்கி 128-ஐக் கூட்டினால் 3200. நாலால் வகுத்தால் 800. இதை ஒரு இன்ஜினும் நெட்வொர்க்கைக் கணினியில் படிக்க ஒரு யுஎஸ்பி கேன் அடாப்டரும் வைத்து ஒரு மதியத்தில் கண்டுபிடிக்கலாம், நீதிமன்றமும் நம்பும். ஆனால் 127489-இல் இன்ஜின் கோளாறுகளுக்கு 16 பிட் கொண்ட நிலைப் புலம் இருக்கிறது: அதிக வெப்பம், ஆயில் அழுத்தக் குறைவு என்று பிட்டுக்கு ஒரு பொருள். அத்தனையையும் கம்பியில் பார்க்க வேண்டுமானால் அத்தனை கோளாறும் அந்த இன்ஜினுக்கு வந்திருக்க வேண்டும். நல்ல நிலையில் ஓடும் ஒரே இன்ஜினை வைத்துக்கொண்டு 16-க்கும் வரிசையாகப் பெயர் எழுதியிருந்தால், குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே அதுதான். ‘கேன்போட் திட்டத்திலிருந்து எடுத்தோம்’ என்று சொல்லலாம். இந்த நெட்வொர்க்கின் செய்திகளை ஆராய்ந்து தொகுத்த அந்தத் திட்டம் பொதுவெளியில் இருக்கிறது, அப்பாச்சி என்ற ஓப்பன் சோர்ஸ் உரிமத்தில் வருகிறது. அப்படியானால் பெயர்கள் அதோடு பொருந்த வேண்டும், உரிமக் குறிப்பு உங்கள் கோப்பில் இருக்க வேண்டும். பெயர்கள் பிடிஎஃப்போடு மட்டும் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால் பேச ஒன்றுமில்லை.

அடுத்த பள்ளம் இதைவிட ஆழம். நோட்டீஸ் கிடைத்த இரவே கிட்ஹப்பில் உள்ள நிரல் தொகுப்பான ரெப்பாசிட்டரியை அழித்து, யார் எப்போது என்ன மாற்றினார் என்ற கிட் வரலாற்றையும் திருத்தி எழுதுவார்கள். ஏற்கெனவே பதிவிறக்கியவர்களிடம் பிரதி இருக்கும், எதிர்த்தரப்பிடம் ஸ்கிரீன்ஷாட் இருக்கும். ஒப்பந்த மீறல் என்ற சிவில் தகராறு, சாட்சியத்தை அழித்த குற்றமாக வளர்வது இங்கேதான். பொதுப் பார்வையிலிருந்து மறையுங்கள், அழிக்காதீர்கள். முழு ரெப்பாசிட்டரியையும் பிடிஎஃப்பையும் ஒரு டிஸ்கில் எடுத்து, ஹாஷ் எண் (கோப்பு மாறவில்லை என்று காட்டும் எண்) குறித்து, உங்கள் வக்கீலிடம் முத்திரையிட்டு ஒப்படையுங்கள். வேலை செய்யும் கணினிகளில் பிடிஎஃப் அதன் பிறகு இருக்கக் கூடாது.

கிரிமினல் பக்கத்தையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். அனுமதியின்றி நிறுவனக் கணினியிலிருந்து தரவை நகலெடுத்ததாகத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 43, 66 பிரிவுகளில் புகார் கொடுப்பது பழைய முதலாளிகளின் வழக்கமான முதல் அடி. மூன்று ஆண்டு வரை தண்டனை உண்டு. பிடிஎஃப்பின் பதிப்புரிமை சங்கத்துடையது. அவர்களும் இறங்கினால் பதிப்புரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவு வரும். அது போலீஸ் நேரடியாக வழக்குப் பதியக்கூடிய, ஜாமீன் உரிமையாகக் கிடைக்காத குற்றம் என்று 2022-இல் நிட் ப்ரோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சிவில் வழக்கானால் உங்களைக் கேட்காமலே நீதிமன்றம் அனுப்பும் ஆணையர் வந்து கணினிகளை எடுத்துப்போக முடியும். இரண்டு பேர் நடத்தும் கம்பெனி அதோடு படுத்துவிடும்.

எனவே சமரசம் பேசுங்கள். உங்களுக்குச் சாதகமான ஒன்று இருக்கிறது: அந்த நிறுவனமும் உரிம நிபந்தனைக்குக் கட்டுப்பட்டுத்தான் ஆவணத்தை வாங்கியிருக்கும். அது வெளியே போனது ஊரறிய நீதிமன்றத்தில் அலசப்படுவதில் அவர்களுக்கும் விருப்பம் இருக்காது. இதை மிரட்டலாக எழுதிவிடாதீர்கள். அவர்கள் வக்கீலுக்குத் தானாகத் தெரியும். நீங்கள் தரக்கூடியது: பொது ரெப்பாசிட்டரி மூடல், நண்பரின் பிரமாண வாக்குமூலம், 90 நாளில் நிரலை மறுபடி எழுதும் உறுதி. கேட்க வேண்டியது: குற்றத்தை ஒப்புக்கொள்ளாத வாசகம், விற்ற 40 கருவிகளுக்கும் அவற்றை வாங்கியவர்களுக்கும் வழக்கிலிருந்து விடுதலை, கிரிமினல் புகார் கொடுப்பதில்லை என்ற உறுதி. ‘இதிலிருந்து உருவான அனைத்தும் நிறுவனத்துக்குச் சொந்தம்’ என்று ஒரு வரி நுழைந்திருக்கும். அந்த வரி இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். நாளைக்கு எழுதப்போகும் சுத்தமான நிரலும் அதில் போய்விடும்.

மறுபடி எழுதும்போது நண்பர் கீபோர்டைத் தொடக் கூடாது, ‘அந்த மூணாவது பைட்டைப் பாரேன்’ என்று வாய்வழியாகவும் சொல்லக் கூடாது. ஆவணத்தைப் பார்க்காத ஒருவர் ரசீதோடு வாங்கிய கருவிகளைக் கொண்டு ஒரு மேசை நெட்வொர்க் அமைக்கட்டும்: 12 வோல்ட், இரு முனையிலும் 120 ஓம் டெர்மினேட்டர், 250 கிலோபிட் வேகம். தேதி, கருவியின் மாடல், டயல் அளவு, வந்த பைட்டுகள் என்று பதிவேடு எழுதட்டும். அந்தப் பதிவேட்டையும் கேன்போட் போன்ற பொதுவெளி நிரல் நூலகங்களையும் மட்டும் பார்த்து இன்னொருவர் நிரல் எழுதட்டும். கேட்டால் காட்ட இந்தப் பதிவேடுதான் இருக்கும், ஆகவே கருவியின் ஒவ்வொரு ரசீதையும் அதோடு ஒட்டுங்கள்.

காசு சேர்த்து ஆவணத்தையே வாங்கிவிடுவது இன்னொரு வழி. வாங்கும் முன் உரிம வாசகத்தைப் படியுங்கள். உள்ளடக்கத்தை மூன்றாம் நபருக்கு வெளியிடத் தடை இருந்தால், ஓப்பன் சோர்ஸ் கனவு அன்றோடு முடிந்தது. ஏற்கெனவே சான்றிதழ் பெற்ற ஒருவரின் கேட்வே மாட்யூலை (நெட்வொர்க் தகவலை வெளியே எடுத்துத் தரும் பாகம்) உள்ளே வைத்து, அதற்கு மேல் உங்கள் செயலியை மட்டும் எழுதுவது சிறிய கம்பெனிக்குப் பெரும்பாலும் மலிவு.

பெயர் விஷயம் சுருக்கமாக. என்எம்இஏ 2000 என்பது வணிகக் குறி. ‘என்எம்இஏ 2000 நெட்வொர்க்குடன் இயங்கும், சான்றிதழ் பெற்றதல்ல’ என்று பெட்டியில் சாதாரண எழுத்தில் போடலாம், வணிகக் குறிச் சட்டம் 30(2)(டி) அதற்கு இடம் தருகிறது. லோகோவும் கூடாது, பொருளின் பெயரிலும் அதைச் சேர்க்கக் கூடாது. டிஸ்பிளே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதற்காக நெட்வொர்க்கில் கருவி தன்னை யாருடையது என்று சொல்லும் தயாரிப்பாளர் எண்ணாக வேறொரு கம்பெனியின் எண்ணை நிரலில் போட்டிருந்தால் இன்றே மாற்றுங்கள். அது இன்னொருவர் சரக்கென்று சொல்லி விற்பதற்குச் சமம்.

ஜெர்மனி ஒப்பந்தத்தில் இப்போது கையெழுத்து வேண்டாம். ‘மூன்றாம் நபரின் அறிவுசார் உரிமை எதையும் மீறவில்லை’ என்ற உத்தரவாதமும், மீறினால் முழு இழப்பீடும் என்ற வரியும் அதில் இருக்கும். நோட்டீஸைக் கையில் வைத்துக்கொண்டு அந்த உத்தரவாதம் தருவது தெரிந்தே பொய் சொல்வது. சமரசம் முடிந்த பிறகு, ‘எங்களுக்குத் தெரிந்த வரை’ என்று திருத்தி, பொறுப்பை ஓராண்டு விற்பனைத் தொகைக்குள் அடக்கி, நோட்டீஸையும் வெளிப்படையாகச் சொல்லிக் கையெழுத்திடுங்கள். பதில் நோட்டீஸ் 15 நாளுக்குள் போகட்டும், இரண்டு பத்தி போதும்: நிரலை மறைத்துவிட்டோம், பேசத் தயார். நண்பருக்கென்று தனி வக்கீல் வையுங்கள். கையெழுத்துப் போட்டது அவர், எல்எல்பி அல்ல. உங்கள் இருவரின் நலனும் இந்த இடத்தில் ஒன்றல்ல.