கேட் 8 வாங்கினால் தீருமா?

கேள்வி: கொட்டாஞ்சேனையில் எங்கள் மொத்த விற்பனைக் கடையிலிருந்து பின்புறக் களஞ்சியசாலைக்கு 130 மீற்றர் நெட்வொர்க் கேபிள் இழுத்திருக்கிறோம். அங்கே பில் போடும்போது இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது. கேட் 8 (Cat 8) என்ற உயர்வகை நெட்வொர்க் கேபிள் போட்டால் சரியாகிவிடும் என்கிறார் வயரிங் செய்தவர். போடலாமா?

பதில்: வேண்டாம். வழக்கமான கேட் 5இ (Cat 5e) வகை ஆனாலும் கேட் 6 ஆனாலும், செம்புக் கேபிளில் ஒரு கருவிக்கும் அடுத்ததற்கும் இடையே 100 மீற்றர்தான் எல்லை. அதற்கு மேல் சமிக்ஞை தேய்ந்துவிடும். கேட் 8 தன் முழு வேகத்தைத் தருவதே 30 மீற்றர் வரைதான். தூரத்துக்கு மருந்தாக அதை விற்பவருக்குக் கமிஷனைத் தவிர வேறு கணக்குத் தெரியாது.

நடுவழியில் மின்சாரம் உள்ள, நனையாத இடத்தில் ஒரு சிறிய நெட்வொர்க் சுவிட்ச் வையுங்கள்; சமிக்ஞையை வாங்கிப் புதிதாக அனுப்பும் பெட்டி அது. அங்கிருந்து தூரக் கணக்கு புதிதாகத் தொடங்கும். களஞ்சியசாலை தனிக் கட்டடம் என்றால் ஃபைபர், அதாவது மின்சாரம் கடத்தாத கண்ணாடி இழைக் கேபிள், போடுவதே நல்லது. கொழும்பின் ஏப்ரல், ஒக்டோபர் இடிமின்னல் செம்புக் கம்பி வழியே வந்து இரு முனைக் கருவிகளையும் எரித்துவிடலாம்.

ஒரு விலக்கு உண்டு. கண்காணிப்புக் கேமராக்களை இணைக்கும் சுவிட்சுகள் சிலவற்றில் 250 மீற்றர் வரை இழுக்கும் வசதிக்கென ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தினால் வேகம் நொடிக்கு 10 மெகாபிட்டாக இறங்கும். ஒற்றைக் கேமராவுக்கு அது போதும். ஆனால் சில சுவிட்சுகளில் அந்தப் பொத்தான் கேபிள் செருகும் பல துளைகளையும் ஒன்றாக இறக்கிவிடும். பக்கத்துத் துளையில் இருக்கும் கணினியும் சேர்ந்து நொண்டும். பில் போடும் கணினிக்கு இதை நம்பாதீர்கள்.

முதலில் 130 என்பதே உண்மையா என்று பாருங்கள். பெரும்பாலான கேபிள்களின் உறையில் நீளம் எண்களாக அச்சிட்டிருக்கும், சிலவற்றில் அடிக்கணக்கில். இரு முனை எண்களையும் கழித்துப் பாருங்கள். பற்றுச்சீட்டில் மட்டும் நீண்டிருந்த கேபிள்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பிறகு கேபிளுக்குள் இருக்கும் ஒரு கம்பியின் முனையை பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். தடை அதிகம், வளைத்தால் முறியும், அதே கேபிளில் கேமராவுக்கு மின்சாரமும் அனுப்பினால் சூடாகும். புறக்கோட்டைக் கடைகளுக்கு நீங்களே போய், "முழுச் செம்பு" என்று பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் ஒவ்வொரு கேபிளையும் சோதித்து அறிக்கை தர வேண்டும் என்று இங்கே எவரும் கேட்பதில்லை. சுவிட்சில் இணைப்பு விளக்கு எரிந்தால் பணம் கொடுத்துவிடுகிறோம். மீதிப் பணத்தை அந்த அறிக்கை வரும்வரை கொடுக்காதீர்கள்.