நடுச்சாமத்தில் விறைக்கும் கை: வீட்டில் தைக்கும் ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: கொட்டாஞ்சேனையில் இருக்கிறேன், வயது 42. ஒரு கடைக்கு வீட்டிலிருந்தே சட்டை தைத்துக் கொடுக்கிறேன், எத்தனை சட்டையோ அத்தனைக்குத்தான் காசு. சில மாதங்களாக நடுச்சாமத்தில் வலது கை விறைத்து, எரிந்து, எழும்பிவிடுகிறேன். உதறினால் சரியாகிறது. பாமசியில் வாங்கும் வலிக்குளிசையைப் போட்டுக்கொண்டு தைக்கிறேன். இது பாரிசவாதத்தின் தொடக்கமா டொக்டர்? வேலையை விட ஏலாது.

பதில்: பயப்படாதீர்கள் தங்கச்சி, நீங்கள் சொல்வது பாரிசவாதம் போல இல்லை. அது வந்தால் ஒரு பக்கம் திடீரென்று பலமிழக்கும், வாய் கோணும், பேச்சுக் குழறும். இரவில் விறைத்து, உதறினால் விடுகிறது என்றால் முதலில் மணிக்கட்டைத்தான் நினைக்க வேண்டும். அங்கே ஒடுக்கமான ஒரு வழிக்குள்ளால் விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் போகின்றன. மணிக்கட்டை மடக்கியபடி துணியைத் தள்ளித் தள்ளி, கத்தரிக்கோலை அழுத்தி அழுத்தி வேலை செய்யும்போது தசைநாண்களைச் சுற்றி வீங்கி நரம்பு நெரிபடும். கார்ப்பல் டனல் என்பது இதைத்தான். நித்திரையில் மணிக்கட்டு தன்பாட்டில் மடங்கிவிடுவதால்தான் இரவில் கூடுகிறது.

இன்றைக்கு ஒன்றைக் கவனியுங்கள். விறைப்பு பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரலில் இருந்து சின்னவிரலை மட்டும் தொடாமல் விடுகிறதா? அப்படியென்றால் என் சந்தேகம் வலுக்கும். சின்னவிரலும் சேர்ந்து விறைத்தால், கழுத்திலிருந்து வலி இறங்கினால், வேறு இடத்தில் தேட வேண்டும்.

வேலையை விடச் சொல்லமாட்டேன். தொழிற்சாலையில் தைப்பவருக்கு முதலாளி ஊழியர் சேமலாப நிதிக்கு 12 சதவீதம் கட்ட வேண்டும், சாப்பாட்டு நேரத்துக்கு மெஷின் நிற்கும். துண்டுக்கணக்கில் வீட்டில் தைக்கும் உங்களுக்கு அநேகமாக இரண்டும் கிடையாது, நிறுத்தினால் காசும் நின்றுவிடும், அதனால்தான் நோவோடு தைக்கிறீர்கள், இதில் உங்கள் பிழை எதுவும் இல்லை. ஆனால் அந்தக் கைக்குத் தையல் மட்டுமா வேலை? தேங்காய் துருவுவது, உடுப்புப் பிழிவது, ரொட்டிக்கு மாக்குழைப்பது எல்லாம் அதே மணிக்கட்டைத்தான் முறுக்கும், அவற்றுக்கு யாரும் காசும் தருவதில்லை. இந்த மூன்றையும் இன்றிலிருந்து வீட்டில் வேறொருவர் செய்யட்டும். கணவரோ வளர்ந்த பிள்ளைகளோ இருந்தால் இதை வாசிக்கக் கொடுங்கள், டொக்டர் சொன்னது என்று சொல்லுங்கள்.

இரவில் மணிக்கட்டை நேராக வைத்திருக்கும் பட்டி ஒன்றைக் கட்டிக்கொண்டு படுங்கள், 6 கிழமையாவது விடாமல். பலருக்கு இதிலேயே நல்ல குறைவு தெரியும். கத்தரிக்கோலைச் சாணை பிடியுங்கள், மொட்டைக் கத்தரிக்கு இரட்டிப்பு அழுத்தம் வேண்டும். கதிரை பதிவாக இருந்தால் உயர்த்துங்கள், முழங்கையை விட மெஷின் உயர்ந்திருக்கக் கூடாது. அரை மணித்தியாலத்துக்கு ஒருமுறை கையைக் கீழே போட்டு எழும்புங்கள், அப்புறம் தண்ணீர் குடியுங்கள்.

அந்தக் குளிசைதான் எனக்குப் பெரிய கவலை. டைக்குளோபெனக் போன்றவற்றை மாதக்கணக்கில், அதுவும் வெறுவயிற்றில் போட்டால் இரைப்பையில் புண் வரும், சிறுநீரகம் பாதிக்கும், பிரஷரும் ஏறும். நெரிபடும் நரம்பை அது விடுவிப்பதும் இல்லை. வாங்குவதை நிறுத்துங்கள்.

பட்டி கட்டினாலும் தேசிய வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு ஒருதடவை போய்க் காட்டுங்கள், அங்கே காசில்லை. சீனியும் தைரொயிட்டும் சோதிக்கச் சொல்லிக் கேளுங்கள், இந்த இரண்டாலும் இதே விறைப்பு வரும். தேவைப்பட்டால் நரம்புச் சோதனை செய்வார்கள், மணிக்கட்டில் ஊசி போடுவார்கள், அதற்கும் கேட்காவிட்டால் கையை மட்டும் மரக்கச் செய்து சின்ன சத்திரசிகிச்சை.

கையிலிருந்து ஊசி, பொத்தான் நழுவி விழுந்தாலோ, பெருவிரலின் அடிச்சதை மற்றக் கையை விட மெலிந்து தெரிந்தாலோ அந்த 6 கிழமையைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், இந்தக் கிழமையே போங்கள். வற்றிய சதை பிறகு முழுதாகத் திரும்பாமலும் போகலாம்.