உடல் மொழியை வைத்து ஒருவர் பொய் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியுமா?

முடியாது. முடியும் என்று நம்பி ஒரு பையனுக்கு நான் அநியாயம் செய்திருக்கிறேன்.

வேலூரில் எங்களுக்கு மளிகை மொத்தக் கடை. ஒரு சித்திரை மாதத்து சாயங்காலம் கல்லாவில் 4,000 ரூபாய் குறைந்தது. அன்று கல்லாப் பக்கம் நின்றவன் ஒடுகத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் பையன். கூப்பிட்டுக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டான், கழுத்தெல்லாம் வேர்வை, சட்டை நுனியைப் பிடித்துத் திருகினான். "என் கண்ணைப் பாத்து சொல்லுடா" என்றேன். பார்க்கவில்லை. "நான் எடுக்கலண்ணா" என்றபோது குரல் உடைந்தது. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. கணக்கு முடித்து அனுப்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் என் தம்பி, புளி லாரிக்காரருக்கு அந்தப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு எழுத மறந்துபோனதைச் சொன்னான்.

அன்றே ஒடுகத்தூர் போய் மன்னிப்பு கேட்டேன். "மொதலாளி முன்னாடி நிமிந்து பாத்துப் பேசக்கூடாதுன்னு நான்தாங்க சொல்லி அனுப்பினேன்" என்றார் பையனின் அம்மா. நான் திருட்டு முழி என்று நினைத்தது அவர்கள் வீட்டில் கற்றுக்கொடுத்த மரியாதை.

வேர்வையும் நடுக்கமும் பயத்துக்கு வருபவை. பொய் சொல்பவனுக்கு மாட்டிக்கொள்வோமோ என்று பயம், உண்மை சொல்பவனுக்கு நம்பமாட்டார்களோ என்று பயம். உடம்பில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். பொய் கண்டறியும் கருவிகூட மூச்சு, நாடி, வேர்வையைத்தான் அளக்கிறது. சம்மதம் இல்லாமல் யாருக்கும் அந்தச் சோதனை செய்யக்கூடாது என்று 2010இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 200க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்து 2006இல் உளவியல் ஆய்வாளர்கள் சார்லஸ் பாண்டும் பெல்லா டிபாலோவும் எழுதிய கட்டுரையில், பொய்யையும் உண்மையையும் பார்த்தும் கேட்டும் மக்கள் சரியாகப் பிரித்தது சராசரி 54 சதவீதம். நாணயம் சுண்டினாலே 50 வருமே!

பழகினவர் முகத்திலோ ஒன்றுமே தெரியாது. செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தைக்குப் போய்ப் பாருங்கள். துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசும் தரகர் முகத்தில் உங்களால் எதைப் படிக்க முடியும்?

இப்போதெல்லாம் பணம் குறைந்தால் முதலில் பில் கட்டை எண்ணுகிறேன். பிறகு, தம்பி உட்பட எல்லாரிடமும் தனித்தனியாக, "இன்னிக்கு யார் யார் சரக்கு எறக்கினாங்க, யாருக்கு எவ்வளவு குடுத்தோம்" என்று கேட்கிறேன். சொல்வதை லாரிக்காரருக்கு போன் போட்டு சரிபார்க்கலாம். கண்ணை எதை வைத்துச் சரிபார்ப்பது?

அந்தப் பையனைத் திரும்ப வேலைக்கு வரச் சொன்னேன். அவன் வரவில்லை, ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனிக்குப் போகிறான்.