மூங்கில் பெட்டியின் விலை: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

கொரியாவின் சேசாங் மூங்கில் பெட்டியைப் பற்றி நீங்கள் எழுதிய குறிப்பைப் படித்துவிட்டு இணையத்தில் தேடினேன். அழகுதான். விலையைப் பார்த்ததும் தலை சுற்றியது. கூடை முடைகிற வேலைதானே, அதற்கு இவ்வளவா? அப்புறம், ‘மூங்கில் மனைவி’ என்று ஒன்றை அங்கே கட்டிக்கொண்டு தூங்குவார்களாமே, நிஜமா?

க.

அன்புள்ள க.,

நீங்கள் படத்தில் பார்த்தது முடைதலை. அது கடைசி வேலை. விலை அதற்கு முந்தைய வேலைக்கு.

தெற்கு ஜொல்லா மாகாணத்தில் இருக்கும் தம்யாங் இந்தப் பெட்டிக்குப் பேர்போன ஊர். மூங்கிலைப் பத்தைகளாகப் பிளப்பது வரை நம் ஊர் வேலை மாதிரிதான். பிறகு பத்தையின் நுனியில் கத்தியால் கீறி, ஒரு பக்கத்தைப் பல்லால் கடித்துக்கொண்டு மறுபக்கத்தைக் கையால் இழுக்கிறார்கள். வெளித்தோலான புறணி வேறு, உள்பக்கமான அகணி வேறாகப் பிரிகிறது. கொஞ்சம் அவசரப்பட்டாலும் பாதியில் அறுந்துவிடும். அடுத்து, மரக்கட்டையில் இரண்டு கத்திகளை நட்டு, நடுவிலுள்ள இடைவெளியில் சிம்பை, அதாவது பிரித்தெடுத்த மெல்லிய கீற்றை, இழுக்கிறார்கள். எல்லாம் ஒரே அகலத்துக்கு வந்துவிடும். தண்ணீரில் ஊறவைத்து, தொடைமேல் போட்டுக் கத்தியால் வழிக்கிறார்கள். இத்தனைக்கும் பிறகு அது மூங்கில் என்றே தோன்றாது, ரிப்பன் போல வளையும். சாயம் தோய்ப்பது அதற்குப் பிறகுதான். பூவேலை எல்லாம் சாயச் சிம்பும் சாயமில்லாத சிம்பும் மாறிமாறி ஓடுவதால் வருவது, மேலே வரைந்தது இல்லை. ஓரங்களில் பட்டுத்துணி ஒட்டுவார்கள்.

ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் மூன்று, ஐந்து பெட்டிகள் ஒரு செட். கல்யாணப் பெண்ணின் துணிமணி, தையல் சாமான் வைக்க. பிளாஸ்டிக் வந்ததும் தம்யாங்கின் மூங்கில் சந்தை படுத்துவிட்டது. சேசாங் கலையை 1975-இல் அரசு தேசியப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சோ ஹன்-கியூ என்ற கலைஞரும் அவருக்குப் பின் மகள் சோ ஷின்-ஜோங்கும் அதைக் காப்பாற்றி வந்தார்கள். பேரம் பேச எனக்கு மனம் வராது.

மூங்கில் மனைவி நிஜம்தான். ‘ஜுக்புயின்’ என்பார்கள். உள்ளே வெற்றாக, கண்ணறை கண்ணறையாக முடைந்த நீள உருளை. கோடைப் புழுக்கத்தில் அணைத்துப் படுத்தால் காற்று ஊடே போகும். இதிலும் முறை உண்டு: அப்பாவின் ஜுக்புயினை மகன் தொடக்கூடாது. பெயரே மனைவி ஆயிற்றே!