மலைச் சைக்கிள்: கடைக்காரர் சொல்லும் எண்ணும் உங்கள் உடலின் அளவும்

கேள்வி: கோவையில் வசிக்கிறேன், உயரம் 170 செ.மீ. ஞாயிற்றுக்கிழமைகளில் மருதமலை, தொண்டாமுத்தூர் பக்கத்து மண் பாதைகளில் ஓட்டுவதற்குக் கியர் வைத்த எம்டிபி சைக்கிள் (மலைச் சைக்கிள்) வாங்க விரும்புகிறேன். ஒரு கடையில் "உங்கள் உயரத்துக்கு 29டி தான் சரி" என்கிறார்கள், இன்னொரு கடையில் "27.5டி போதும்" என்கிறார்கள். இணையத்தில் பார்த்தால் 15, 17, 19 அங்குலம் என்று வேறொரு கணக்கு இருக்கிறது. எதை நம்பி வாங்குவது?

பதில்: இரண்டு கடைக்காரர்களும் உங்களுக்குச் சொன்னது சக்கரத்தின் அளவு, நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஃப்ரேமின், அதாவது குழாய்களால் ஆன சைக்கிள் சட்டத்தின் அளவு. 26டி, 27.5டி, 29டி என்பவை டயரோடு சேர்ந்த சக்கரத்தின் விட்டத்தை ஏறத்தாழ அங்குலத்தில் குறிப்பவை. நீங்கள் இணையத்தில் கண்ட 15, 17, 19 என்பவையோ பெடல்கள் சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட் குழாயின் மேல் விளிம்பு வரையிலான நீளத்தைக் குறிப்பவை. நல்ல மாடல் ஒன்று ஒரே 29டி சக்கரத்துடன் மூன்று நான்கு ஃப்ரேம் அளவுகளில் கிடைக்கும். விலை குறைந்த மாடல்கள் பலவும் ஒரே ஃப்ரேம் அளவில் மட்டும் வருவதால்தான், சக்கர எண்ணையே ஆளின் அளவாகச் சொல்லும் வழக்கம் கடைகளில் ஊன்றிவிட்டது. அந்த எண்ணை மட்டும் கேட்டுவிட்டுப் பணம் கட்டிவிடாதீர்கள்.

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே உங்கள் காலின் உள்நீளத்தை அளந்துகொள்ளுங்கள். செருப்பில்லாமல் சுவரில் முதுகு ஒட்ட நின்று, பாதங்களுக்கிடையே ஒரு சாண் இடைவெளி விட்டு, கெட்டி அட்டை போட்ட புத்தகம் ஒன்றைக் கால்களுக்கு நடுவே, சீட்டில் உட்காரும்போது அழுந்துகிற அளவுக்கு மேல்நோக்கி அழுத்திப் பிடிக்க வேண்டும். புத்தகத்தின் மேல் விளிம்பு சுவரைத் தொடும் இடத்திலிருந்து தரை வரை இன்னொருவரை அளக்கச் சொல்லுங்கள். பேன்ட் தைக்கும்போது தையல்காரர் எடுக்கும் அளவு இதைவிடச் சில செ.மீ. குறைவாக இருக்கும், அது இதற்கு உதவாது. கிடைத்த அளவை 0.225-ஆல் பெருக்கினால் மலைச் சைக்கிளுக்கான தோராயமான ஃப்ரேம் அளவு அங்குலத்தில் வரும். உங்களுக்கு 78 செ.மீ. வருகிறது என்று வைத்துக்கொண்டால் விடை 17.5, அதாவது நீங்கள் கண்ட மூன்றில் 17 உங்களுக்கு நெருக்கமானது.

ஆனால் இந்தக் கணக்கு காலை மட்டும்தான் பார்க்கிறது. உடம்பும் கையும் ஹேண்டில்பார் வரை எவ்வளவு நீள வேண்டியிருக்கிறது என்பதே மலைச் சைக்கிளில் அதைவிட முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. சீட் உயரத்தை ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம், ஃப்ரேமின் நீளத்தை யாராலும் மாற்ற முடியாது. ஹேண்டில்பாரை வண்டியோடு இணைக்கும் சிறு துண்டுக்கு ஸ்டெம் என்று பெயர். "ஸ்டெம்மை மாற்றித் தருகிறோம்" என்று கடையில் சொல்வார்கள். ஒன்றிரண்டு செ.மீ. வித்தியாசத்துக்கு அது சரியான வழிதான். அதற்கு மேல் போனால் வண்டி திரும்பும் விதமே மாறிவிடும். ஸ்டெம் நீண்டால் உடல் எடை முன்சக்கரத்தின் மேல் சாயும், அது செங்குத்தான இறக்கத்தில் ஆபத்தானது. இதனால்தான் தயாரிப்பாளர்கள் தரும் அளவு அட்டவணையில் ரீச் என்றொரு வரி இருக்கிறது. பெடல் அச்சிலிருந்து நேர்மேலே ஒரு கோடு இழுத்தால், அந்தக் கோட்டுக்கும் ஃப்ரேமின் முன்பக்கம் ஹேண்டில் பொருந்தும் குழாயின் உச்சிக்கும் இடையே உள்ள கிடைமட்டத் தூரமே ரீச். ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் தன் மலைச் சைக்கிள்கள் சிலவற்றுக்கு சீட் குழாய்க் கணக்கைக் கைவிட்டு, இந்த நீளத்தை வைத்தே எஸ்2, எஸ்3, எஸ்4 என்று அளவு குறிக்கிறது. இரண்டு நிறுவனங்களின் 17 அங்குல வண்டிகளை ஒப்பிடும்போது இந்த ஒரு வரியைப் பாருங்கள். பெயரளவில் ஒன்றாக இருப்பவை உண்மையில் எவ்வளவு வேறுபடுகின்றன என்பது தெரிந்துவிடும்.

சீட்டுக்கும் ஹேண்டிலுக்கும் நடுவே போகும் பாரின் இரு பக்கமும் கால் ஊன்றி நின்று, இடிக்கவில்லை என்றால் சரி என்பது பழைய சோதனை. மண் பாதைக்கு அந்த இடைவெளி 5 செ.மீ.க்குக் குறையக் கூடாது என்பது உண்மைதான். ஆனால் இப்போதைய ஃப்ரேம்களில் பார் பின்பக்கமாகச் சரிந்திருப்பதால், உங்களுக்கு மிக நீளமான வண்டியும் இந்தச் சோதனையில் தேறிவிடும். ஆகவே பத்து நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள். முழங்கை விறைத்து நீண்டு, தோளும் கழுத்தும் இழுத்தால் ஃப்ரேம் பெரிது. திருப்பத்தில் முழங்கால் ஹேண்டில்பாரை நெருங்கினாலோ, சீட் கம்பியில் பொறித்திருக்கும் எல்லைக்கோடு வெளியே தெரியும்வரை அதை உயர்த்த வேண்டியிருந்தாலோ ஃப்ரேம் சிறிது. இரண்டு அளவுகளுக்கு நடுவில் தவித்தால், விரித்த கைகளின் நீளம் உயரத்தைவிட அதிகமாக இருப்பவர் பெரியதையும், மற்றவர்கள் சிறியதையும் எடுக்கலாம். இவை தீர்ந்த பிறகு 27.5-ஆ 29-ஆ என்று யோசியுங்கள்: 29 கல்லையும் வேரையும் எளிதாக ஏறிக் கடக்கும், 27.5 குறுகிய வளைவுகளில் சட்டென்று திரும்பும்.

இணையத்தில் வாங்குவதானால் ஃப்ரேம் அளவு தெளிவாகத் தெரியும்படி அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அளவைத் தவறாகத் தேர்ந்தது நீங்கள் என்றால் அந்த விற்பனையாளரின் மாற்றுக் கொள்கைதான் கதி. 17 என்று விளம்பரம் செய்து 19 அனுப்பினால், 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி அதைத் திரும்பப் பெற மறுக்க அவருக்கு உரிமை இல்லை. மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு 13 வயது, உயரம் 150 செ.மீ. வளரும் பிள்ளை என்பதால் ஒரு அளவு பெரிதாகவே வாங்கிவிடலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. பள்ளிச் சீருடையைப் பெரிதாகத் தைத்து மடித்து விடலாம். சைக்கிளை மடித்து விட முடியாது. தரையில் கால் எட்டாமல், பிரேக்கை முழுதாகப் பிடிக்க முடியாமல் ஒரு பிள்ளை இறக்கத்தில் வருவதை நினைத்துப் பாருங்கள். மேலே சொன்னபடி அளந்து, கால் 69 செ.மீ. என்று வந்தால் 15 அங்குல ஃப்ரேமே போதும். அதில் சீட்டை உயர்த்த இடம் இருப்பதால் ஒன்றிரண்டு ஆண்டு வளர்ச்சியை அது தாங்கும். வாங்கும் நாளன்று பிரேக் பிடியில் இருக்கும் சிறு திருகைத் திருப்பி, அவன் விரலுக்கு எட்டும் தூரத்தில் அதை வைத்துத் தரும்படி கடையில் கேளுங்கள்.