பிச்சாவரத்துத் திட்டில் இலை போட்டுச் சாப்பிட முடியாது

கேள்வி: டிசம்பர் விடுமுறையில் ஒரே நாளில் காலையில் புதுச்சேரி பக்கத்து வில்லியனூர் சுடுமண் சிற்பம், மதியம் பிச்சாவரத் தீவு என்று பார்க்க நினைக்கிறோம். தீவில் இறங்கிச் சாப்பிடலாமா?
– ஒரு வாசகி, நெய்வேலி

பதில்: கூடாது. அங்கே நீங்கள் நினைக்கிற மணல் தீவே இல்லை. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையில் கிடக்கும் அலையாத்திக் காட்டின் சேற்றுத் திட்டுகள்தான், 50-க்கு மேல். கரையோரம் பென்சில் நட்டதுபோல நிற்பவை கண்டல் மரத்தின் மூச்சு வேர்கள். மிதித்து ஒடித்தால் மரம் மூச்சுக்குத் திணறும். பிச்சாவரம் 2022-இல் ராம்சர் ஈரநிலமான, அதாவது உலக முக்கியத்துவம் உள்ளதென்று பட்டியலில் சேர்ந்த இடம், அம்மா. சாப்பாட்டைக் கரையிலேயே முடித்துக்கொள்ளுங்கள்.

நெய்வேலியிலிருந்து புதுச்சேரி சுற்றுவதும் வீண். புவனகிரி, சிதம்பரம் வழியாக நேரே போய், வெயில் ஏறுமுன் படகுத்துறையில் நில்லுங்கள். விசைப்படகு அகன்ற வாய்க்காலோடு திரும்பிவிடும். துடுப்புப் படகுதான் கிளை தலையில் உரசும் சந்துகளுக்குள் நுழையும். அங்கே சுரபுன்னை மரத்தைப் பாருங்கள். விதை மரத்திலேயே முளைத்து, பச்சை முருங்கைக்காய் போலத் தொங்கும். விழுந்தால் சேற்றில் குத்தி நிற்கும், இல்லாவிட்டால் மிதந்துபோய் வேறிடத்தில் வேர்விடும். குழந்தைகள் இலை பறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்: தில்லை மரமும் அந்தக் காட்டில் உண்டு, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையையே கெடுக்கும். புயல் எச்சரிக்கை வந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.

வில்லியனூருக்குப் பொங்கல் கழிந்து வேறொரு நாள் போங்கள். மழைக்காலத்தில் மண் காயாது. ஈரம் உள்ளே நின்ற உருவத்தைச் சூளையில் வைத்தால் நீர் ஆவியாகி வெடிக்கும். அதனால் டிசம்பரில் போனால் மூட்டாத சூளையைப் பார்த்துத் திரும்ப நேரும். தை, மாசியில் பிசைவது முதல் சுடுவது வரை பார்க்க வாய்ப்பு அதிகம்.

வாங்கும்போது விரல் கணுவால் தட்டுங்கள். ‘ணங்’ என்றால் நன்றாக வெந்தது. ‘பொத்’ என்றால் வேகாதது, இல்லையேல் உள்விரிசல். உள்கூடான பொம்மையின் அடியில் காற்றுத்துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். குதிரை வாங்கினால் காதையும் காலையும் தனித்தனியாக வைக்கோல் சுற்றிக் கட்டச் சொல்லுங்கள். காரில் டிக்கியில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள்.